டீச்சர் பேசறது கடைசி பெஞ்சுக்கு ஏன் புரியறதில்ல? கிளாஸ்ரூம் கட்டிடமும் சத்தமும், ஒரு விளக்கம்

"சீலிங்ல அகூஸ்டிக் டைல்ஸ் போட்டாச்சு, ஆனா பக்கத்து கிளாஸ் சத்தம் அப்படியே கேக்குது, அப்போ போட்ட காசெல்லாம் வீணா?" பள்ளிக்கூட கட்டிடம் பத்தி பேச்சு வந்தாலே இந்த கேள்வியும் கூடவே வந்துடும். வீண் இல்ல. அந்த டைல்ஸ் செய்யற வேலை ஒண்ணு, அதுகிட்ட எதிர்பார்த்தது இன்னொண்ணு. ரெண்டையும் சேர்த்து "சவுண்ட்ப்ரூஃப்"னு ஒரே பேர்ல சொல்லிடறதால தான் இத்தனை குழப்பம். அடிப்படையில இருந்து ஒவ்வொண்ணா பார்த்துட்டு வந்தா, ஒரு கிளாஸ்ரூமோட சுவரும் சீலிங்கும் பிள்ளைங்க படிப்பை எவ்வளவு தூரம் தொடுதுன்னு தெரியும்.

முதல்ல பிரிச்சுக்க வேண்டியது

1. சத்தத்தை தடுக்கறது: ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு சத்தம் போகாம பாத்துக்கறது. இதுக்கு எடை வேணும், சந்து பொந்து இல்லாம அடைச்சிருக்கணும். கனமான சுவர், நல்லா மூடற கதவு, இடைவெளி விட்டு போட்ட ரெட்டை கண்ணாடி, இதெல்லாம் இந்த வகை.

2. சத்தத்தை உறிஞ்சறது: ரூமுக்குள்ள பிறந்த சத்தம் சுவர்ல பட்டு பட்டு திரும்பி வர்றதை குறைக்கறது. இதுக்கு மெத்து மெத்துன்னு, உள்ள காத்து புகுந்து போற மாதிரி துளை உள்ள பொருள் வேணும். மினரல் ஊல் (கல்லை உருக்கி செஞ்ச பஞ்சு மாதிரி பொருள்), கண்ணாடி நார் பலகை, கனமான துணி, கார்ப்பெட், சீலிங்ல போடற அகூஸ்டிக் டைல்ஸ் இதெல்லாம்.

சத்தத்தை நல்லா உறிஞ்சற பொருள் பெரும்பாலும் லேசா இருக்கும், அது வழியா சத்தம் சுலபமா அந்தப் பக்கம் போயிடும். நல்லா தடுக்கற கான்கிரீட் சுவரோ சத்தத்தை கொஞ்சமும் உறிஞ்சாது, பட்டதை அப்படியே திருப்பி அனுப்பிடும். அதனால ஒண்ணு போட்டா இன்னொண்ணும் தானா சரியாகிடும்னு நினைக்கக் கூடாது, ரெண்டுக்கும் தனித்தனியா வழி பண்ணணும்.

ஒரு வார்த்தை ரூமுக்குள்ள எப்படி போகுது

காத்துல சத்தம் செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் வேகத்துல போகும். டீச்சர் வாயில இருந்து 7 மீட்டர் தள்ளி இருக்கற பெஞ்சுக்கு நேரா போய் சேர 20 மில்லிசெகண்ட் ஆகும். ஆனா அந்த வார்த்தை ஒரே தடவை வந்து நிக்கறதில்ல. சீலிங்ல பட்டு ஒரு தடவை, பக்கத்து சுவர்ல பட்டு ஒரு தடவை, பின் சுவருக்கு போய் திரும்பி ஒரு தடவைன்னு அடுத்தடுத்து நூத்துக்கணக்குல வந்துட்டே இருக்கும்.

இதுல நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு. நேரா வந்த சத்தத்துக்கு அப்புறம் சுமார் 50 மில்லிசெகண்டுக்குள்ள வர்றதை நம்ம மூளை தனியா பிரிச்சு பாக்காது, முதல் சத்தத்தோட சேர்த்துக்கும், அதனால பேச்சு இன்னும் தெளிவா, பலமா கேக்கும். 1949-ல ஹெல்முட் ஹாஸ்ங்கறவர் இதை விவரமா ஆராய்ஞ்சதால இதுக்கு ஹாஸ் எஃபெக்ட்னு பேர். 50 மில்லிசெகண்டுங்கறது தூரத்துல கணக்கு போட்டா 17 மீட்டர். அதாவது நேர் வழியை விட 17 மீட்டருக்கு மேல சுத்தி வர்ற சத்தம் எல்லாம் உதவியா இருக்காம உபத்திரவமா மாறிடும், அடுத்த வார்த்தை மேல போய் விழும். சாதாரண கிளாஸ்ரூம்ல ஒரே ஒரு தடவை பட்டு திரும்பறது இவ்வளவு லேட் ஆகாது, ரெண்டு மூணு தடவை சுவத்துக்கு சுவர் மோதிட்டு வர்றது தான் பிரச்சனை, சுவர் கடினமா இருந்தா அது பத்து இருபது தடவை கூட மோதும்.

ரிவெர்பரேஷன் டைம், ஹார்வர்ட்ல பிறந்த அளவுகோல்

1895-ல ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல ஃபாக் ஆர்ட் மியூசியம்னு புது கட்டிடம் திறந்தாங்க. அதுல இருந்த லெக்சர் ஹால்ல யார் பேசினாலும் ஒண்ணும் புரியல. அதை சரி பண்ண சொல்லி வாலஸ் சபைன்ங்கற இளம் பிசிக்ஸ் ஆசிரியர்கிட்ட ஒப்படைச்சாங்க. அவர் கையில இருந்தது ஒரு ஆர்கன் குழாயும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும், கூட அவரோட காதும் தான். ராத்திரி ஊர் அடங்கினதுக்கு அப்புறம் போய், குழாயை ஊதி நிறுத்திட்டு, சத்தம் முழுசா மறையற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அளந்தாரு. காலி ஹால்ல சுமார் 5.5 செகண்ட் வந்துச்சு. அந்த நேரத்துல ஒருத்தர் பத்து வார்த்தைக்கு மேல பேசி முடிச்சிருப்பாரு, அத்தனையும் காத்துல ஒண்ணு மேல ஒண்ணா மிதந்துட்டு இருக்கும்.

பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டர்ல இருந்து சீட் குஷன்களை தூக்கிட்டு வந்து ஹால்ல போட்டு போட்டு அளந்தாரு, விடியறதுக்குள்ள திருப்பி கொண்டு போய் வைக்கணும். குஷன் கூட கூட நேரம் குறைஞ்சுது, அந்த குறைவுல ஒரு ஒழுங்கு இருக்கறதை கண்டுபிடிச்சாரு. அதுல பிறந்தது தான் இன்னைக்கும் உலகம் முழுக்க உபயோகத்துல இருக்கற சபைன் ஃபார்முலா. 1900-ல திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்த அறிவை வச்சு டிசைன் பண்ணின முதல் பெரிய ஹால்.

ஃபார்முலா ரொம்ப சுலபம். ரூமோட கன அளவை (கன மீட்டர்ல) 0.161-ஆல பெருக்கி, ரூம்ல இருக்கற மொத்த உறிஞ்சும் பரப்பால வகுக்கணும். வர்ற விடை செகண்ட்ல இருக்கும், அது தான் ரிவெர்பரேஷன் டைம், அதாவது சத்தம் 60 டெசிபல் (சத்தத்தோட பலத்தை அளக்கற அலகு) குறைய எடுக்கற நேரம். உறிஞ்சும் பரப்புன்னா ஒவ்வொரு பொருளோட பரப்பையும் அதோட உறிஞ்சும் திறனால (பட்ட சத்தத்துல எவ்வளவு பங்கு திரும்பாம போகுதுங்கறது) பெருக்கி கூட்டறது. திறந்த ஜன்னலுக்கு அந்த திறன் 1, போன சத்தம் திரும்பாது. பெயின்ட் அடிச்ச கான்கிரீட்டுக்கு 0.02 பக்கம். நல்ல அகூஸ்டிக் சீலிங்குக்கு 0.7-ல இருந்து 0.9 வரைக்கும்.

ஒரு ரூமை எடுத்து கணக்கு போடுவோம்

9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம்னு வச்சுக்கோங்க. கன அளவு 189. தரை 63 சதுர மீட்டர், சீலிங் 63, நாலு சுவரும் சேர்ந்து 96, மொத்தம் 222. எல்லாமே சிமெண்ட், டைல்ஸ், கண்ணாடின்னு கடினமா இருந்தா சராசரி திறன் 0.03-னு எடுத்துக்கலாம். பெஞ்ச் டேபிளை சேர்க்காம ஒரு தோராய கணக்கு தான் இது.

1. காலி ரூம், எல்லாம் கடினம்: உறிஞ்சும் பரப்பு 6.7 தான் வரும். ரிவெர்பரேஷன் டைம் 4.5 செகண்டுக்கு மேல.

2. அதே ரூம்ல 30 பிள்ளைங்க உக்காந்தா: ஆளுக்கு 0.3-னு வச்சா 9 கூடும். இப்போ சுமார் 1.9 செகண்ட்.

3. ஆள் இல்லாம, சீலிங் முழுக்க 0.7 திறன் உள்ள டைல்ஸ் போட்டா: சீலிங் மட்டுமே 42 கூட்டிக் குடுக்குது. சுமார் 0.62 செகண்ட்.

4. அதோட பின் சுவர்ல ஒரு 10 சதுர மீட்டருக்கு மெத்தையான நோட்டீஸ் போர்டு போட்டா: சுமார் 0.55 செகண்ட்.

பிள்ளைங்க உடம்பும் உடுப்பும் உறிஞ்சறதை விட சீலிங் ஒண்ணு நாலு மடங்குக்கு மேல உறிஞ்சுது பாருங்க. கிளாஸ்ரூம்ல யாரும் கை வைக்காத, சாமான் எதுவும் மறைக்காத பெரிய பரப்பு அது ஒண்ணு தான். கட்டும்போதே அதை இதுக்காக ஒதுக்கி வச்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது, செலவு இழுக்குதுன்னு முதல் ஆளா வெட்டப்படறதும் அதே சீலிங் தான்ங்கறது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

இன்னொரு கணக்கும் இதுல இருந்து வரும். டீச்சர்கிட்ட இருந்து எவ்வளவு தூரம் வரைக்கும் நேர் சத்தம் பலமா இருக்கும், எங்க இருந்து சுவர்ல பட்ட சத்தம் அதை முந்தும்? 1.9 செகண்ட் ரூம்ல அந்த எல்லை ஒரு மீட்டருக்கும் கம்மி. 0.55 ரூம்ல கூட ஒன்றரை மீட்டர் தான். அதாவது முதல் பெஞ்சை தாண்டிட்டா எல்லா பிள்ளைங்களும் பெரும்பாலும் கேக்கறது பட்டுத் திரும்பின சத்தத்தை தான், அதனால அந்த திரும்பின சத்தம் சீக்கிரமா வந்து சீக்கிரமா அடங்குதா, இல்ல இழுத்துட்டு கிடக்குதாங்கறதுல தான் எல்லாம் இருக்கு.

பேச்சு மட்டும் ஏன் இவ்வளவு பாதிக்கப்படுது

பேச்சுல உயிர் ஒலிங்க பலமானவை, நீளமானவை, பெரும்பகுதி சக்தி 1000 ஹெர்ட்ஸுக்கு (செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு) கீழ இருக்கும். மெய் ஒலிங்க பலவீனமானவை, சில பத்து மில்லிசெகண்ட்ல முடிஞ்சு போயிடும், அதுங்களை அடையாளம் காட்டற சக்தி பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல. ஆனா அர்த்தத்தை சுமக்கறது மெய் தான். கட்டு, தட்டு, பட்டு, மட்டு, இந்த நாலுக்கும் வித்தியாசம் முதல் மெய்ல மட்டும் தான் இருக்கு.

இப்போ டீச்சர் "அந்த பட்டு"ன்னு சொல்றாங்கன்னு வச்சுக்கோங்க. "அந்த"ல கடைசியில வர்ற அகரம் ரூம்ல இன்னும் சுத்திட்டு இருக்கும்போதே, உதடு பிரிஞ்சு ஒரு சின்ன வெடிப்பா ப் வருது, அது அந்த அகரத்தோட வாலுக்கு அடியில மாட்டிக்குது. கேக்கறவருக்கு ஏதோ "அட்டு"ன்னு முடிஞ்சது தெரியும், முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியாது. சத்தம் காதுக்கு வந்துச்சு, வார்த்தை வரல. "கேக்குது ஆனா புரியல"ன்னு பிள்ளைங்க சொல்றது சாக்கு கிடையாது, அச்சு அசலா இது தான் நடக்குது.

பெரியவங்க விட்டுப்போனதை முன்பின் வாக்கியத்தை வச்சு நிரப்பிக்குவாங்க. அதுக்கு அந்த வார்த்தை முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். கிளாஸ்ரூம்ல சொல்லிக் குடுக்கறதே தெரியாத வார்த்தையை தானே, எதை வச்சு நிரப்பறது? அதுவும் இரைச்சல்ல பேச்சை பிரிச்சு கேக்கற திறன் குழந்தைகளுக்கு பதின்ம வயசு வரைக்கும் வளர்ந்துட்டே தான் இருக்கும். பெரியவர் ஒருத்தர் ரூம்ல நின்னு "எனக்கு நல்லா தானே கேக்குது"ன்னு சர்ட்டிஃபிகேட் குடுக்கறதை ஏத்துக்கவே கூடாது. வேற மொழியில படிக்கற பிள்ளைங்க, ஹியரிங் எய்ட் போட்ட பிள்ளைங்க, சளி பிடிச்சு காது அடைச்சு கிடக்கற சின்னப் பிள்ளைங்க, இவங்களுக்கெல்லாம் கஷ்டம் இன்னும் ஒரு படி மேல.

இரைச்சலும் டீச்சர் தொண்டையும்

ரெண்டாவது எதிரி பின்னணி இரைச்சல். ஃபேன், ஏசி, ப்ரொஜெக்டர், ரோடு, காரிடார், பக்கத்து கிளாஸ். இதுல எவ்வளவு இரைச்சல்ங்கறதை விட பேச்சுக்கும் இரைச்சலுக்கும் நடுவுல எவ்வளவு வித்தியாசம்ங்கறது தான் முக்கியம், குழந்தைகளுக்கு குறைஞ்சது 15 டெசிபல் வேணும்ங்கறது பரவலா ஏத்துக்கிட்ட கணக்கு. டீச்சர் குரல் பின் பெஞ்சுல 50 டெசிபல் இருந்தா இரைச்சல் 35-ஐ தாண்டக் கூடாது.

இரைச்சல் கூடினா மனுஷங்க தன்னை அறியாம குரலை உயர்த்துவாங்க. பிரான்ஸ் டாக்டர் எத்தியேன் லொம்பார் 1911-ல இதை எழுதினதால லொம்பார் எஃபெக்ட்னு சொல்றாங்க. டீச்சர் குரலை ஏத்துவாங்க, குரூப்பா பேசற பிள்ளைங்களும் ஏத்துவாங்க, கடினமான சுவர் அத்தனையையும் திருப்பி அனுப்பும், உடனே எல்லாரும் இன்னும் ஏத்துவாங்க. வருஷக்கணக்குல இப்படி கத்தற டீச்சர்களுக்கு மத்த வேலை பாக்கறவங்களை விட குரல் பிரச்சனை அதிகமா வருதுன்னு பல ஆய்வுகள்ல வந்திருக்கு. அதை "தொழில்னா அப்படித்தான்"னு விடறது நியாயமில்ல, கட்டிடத்துல சரி பண்ண வேண்டியதை ஒரு மனுஷரோட தொண்டையில சுமத்தறோம்.

படிப்பு நிஜமாவே குறையுதா?

குறையுது. மூணு ஆய்வு இதுக்கு போதும்.

1. நியூயார்க்ல ஒரு ஆரம்பப் பள்ளிக்கு பக்கத்துலயே மேம்பால ரயில் ஓடுச்சு. ஆர்லின் ப்ரான்சாஃப்ட் குழு 1975-ல வெளியிட்ட ஆய்வுல, ரயில் பக்கம் இருந்த கிளாஸ் பிள்ளைங்க அதே பள்ளியோட அமைதியான பக்கத்து பிள்ளைங்களை விட வாசிப்புல பின்தங்கி இருந்தாங்க, ஆறாம் வகுப்புல அது கிட்டத்தட்ட ஒரு வருஷ படிப்பு. அப்புறம் தண்டவாளத்துல ரப்பர் பேட் வச்சு, கிளாஸ்ல சத்தம் உறிஞ்சற சீலிங் போட்டாங்க. 1981-ல வந்த அடுத்த ஆய்வுல அந்த வித்தியாசம் காணாம போயிருந்துச்சு. ஒரே பள்ளி, சத்தத்தை குறைச்சதும் பிள்ளைங்க சமமாயிட்டாங்க.

2. மியூனிக்ல 1992-ல பழைய விமான நிலையத்தை மூடி வேற இடத்துல புதுசு திறந்தாங்க. ரெண்டு இடத்துலயும் குழந்தைகளை முன்னாடியும் பின்னாடியும் சோதிச்சாங்க. பழைய இடத்து பிள்ளைங்களுக்கு வாசிப்பும் ஞாபகசக்தியும் தேறுச்சு, புது இடத்து பிள்ளைங்களுக்கு அது ரெண்டும் சரிஞ்சுது. 2002-ல முடிவு வெளிவந்துச்சு.

3. ஆம்ஸ்டர்டாம், மாட்ரிட், லண்டன் விமான நிலையங்களை சுத்தி இருந்த 9-10 வயசு பிள்ளைங்க 2,844 பேரை வச்சு நடந்த ரான்ச் ஆய்வு, 2005-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. விமான சத்தம் கூட கூட வாசிச்சு புரிஞ்சுக்கற திறன் குறைஞ்சுது. ரோடு சத்தத்துக்கு வாசிப்புல அதே மாதிரி பாதிப்பு தெரியல. திடீர் திடீர்னு வந்து போற சத்தம் கவனத்தை அதிகமா இழுக்குதுங்கறது இதுக்கு ஒரு விளக்கமா சொல்லப்படுது.

விதிமுறைகள் என்ன சொல்லுது

உலக சுகாதார அமைப்பு 1999-லயே கிளாஸ்ரூமுக்கு 35 டெசிபல் இரைச்சல், 0.6 செகண்ட் ரிவெர்பரேஷன்னு சொல்லிடுச்சு. அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான ஏஎன்எஸ்ஐ-யோட எஸ்12.60 விதி (முதல்ல வந்தது 2002) 283 கன மீட்டர் வரைக்கும் உள்ள ரூமுக்கு அதே 35, அதே 0.6. பிரிட்டன்ல பள்ளிக்கூட சத்தத்துக்குன்னே பில்டிங் புல்லட்டின் 93னு ஒரு வழிகாட்டி இருக்கு. இதெல்லாம் ஆள் இல்லாத ரூம்ல அளக்கறது. மேல போட்ட கணக்குல சீலிங் மட்டும் போட்டு 0.62 வந்துச்சே, அது மயிரிழையில தவறுது, பின் சுவர் போர்டும் சேர்ந்தா தான் பாஸ்.

எந்த வரிசையில சரி பண்றது

1. இடத்தை தேர்வு பண்றது. பேப்பர்ல பிளான் போடும்போதே மியூசிக் ரூமையும் ஜெனரேட்டரையும் கிளாஸ்ல இருந்து தள்ளி வைக்கறதுக்கு பைசா செலவில்ல. ரோடு பக்கம் ஸ்டோர் ரூம், மாடிப்படி, ஸ்டாஃப் ரூம் வரட்டும்.

2. ஓட்டையை அடைக்கறது. கதவோட பரப்புல 100-ல 1 பங்கு இடைவெளி இருந்தா, கதவு எவ்வளவு கனமா இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல தடுக்க முடியாது. கதவுக்கு அடியில ரப்பர் சீல் போடாம சுவரை இரட்டிப்பாக்கறது வீண் செலவு. அதே மாதிரி, சுவர் ஃபால்ஸ் சீலிங்கோட நின்னுடாம மேல இருக்கற கான்கிரீட் வரைக்கும் போகணும், இல்லன்னா சத்தம் மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கிடும். முதல்ல கேட்டோமே, டைல்ஸ் போட்டும் பக்கத்து கிளாஸ் கேக்குதுன்னு, அதுக்கு பெரும்பாலும் காரணம் இந்த ரெண்டுல ஒண்ணு தான்.

3. சீலிங், அப்புறம் பின் சுவர். எதிரெதிர் சுவர் ரெண்டும் கடினமா இருந்தா கை தட்டும்போது "டர்ர்"ன்னு ஒரு அதிர்வு கேக்கும், ஒரு பக்கத்துல பேனலோ புத்தக அலமாரியோ வந்தா அது உடையும். பெரிய லெக்சர் ஹால்னா மட்டும் பேசறவருக்கு மேல இருக்கற சீலிங்கை கடினமாவே விடணும், அது குரலை பின்னாடி தள்ளி விடும்.

4. மைக். இது கடைசி. எதிரொலிக்கற ரூம்ல மைக் வச்சா குரலோட சேர்ந்து எதிரொலியும் அதே அளவு பெருசாகும், தெளிவு கூடாது.

செய்யக் கூடாததும் இருக்கு. முட்டை அட்டை ஒட்டறது பிரயோஜனமே இல்ல. ஒரு இன்ச் ஃபோம் ஒட்டறதும் கிட்டத்தட்ட அப்படித்தான், 250 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளமே சுமார் 1.4 மீட்டர், அதை ஒரு இன்ச் ஃபோம் என்ன பண்ணிட முடியும்? மேல் ஸ்தாயி சத்தத்தை மட்டும் தின்னுட்டு கீழ் ஸ்தாயியை விட்டுடும், ஏற்கனவே பலவீனமான மெய் இன்னும் தேய்ஞ்சு உயிரோட முழக்கம் மட்டும் மிஞ்சும். தீ ஆபத்து அதை விட பெருசு. 2003-ல அமெரிக்காவோட ரோட் ஐலண்ட்ல ஒரு நைட் கிளப் சுவர்ல ஒட்டியிருந்த பாலியூரித்தேன் ஃபோம்ல தீ பிடிச்சு 100 பேர் செத்துப்போனாங்க. பிள்ளைங்க உக்கார்ற ரூம்ல தீ சோதனை பாஸ் பண்ணாத எதையும் ஒட்டவே ஒட்டாதீங்க.

ஆன்லைன் கிளாஸ், ரெக்கார்டிங்

நேர்ல உக்காந்திருக்கும்போது ரெண்டு காதுக்கும் வர்ற வித்தியாசத்தை வச்சு மூளை எதிரொலியை ஓரளவு ஒதுக்கித் தள்ளிடும். ஒரே ஒரு மைக் வழியா போகும்போது அந்த வசதி போயிடுது, அதனால தான் ரூம்ல சுமாரா இருந்த பேச்சு ரெக்கார்டிங்ல கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி கேக்குது. சட்டை காலர்ல குத்தற மைக் இதுக்கு நல்ல வழி, வாய்க்கு பக்கத்துல இருக்கறதால நேர் சத்தம் ஜெயிச்சுடும். டேபிள்ல வச்ச லேப்டாப் மைக், நேர் சத்தம் பலமா இருக்கும்னு மேல பார்த்தோமே, அந்த எல்லையை சுலபமா தாண்டி போயிடும்.

உங்க ரூமை நீங்களே சோதிக்க

கை தட்டி பாக்கறது எதிரொலி இழுவையை தோராயமா காட்டும். போன் ஆப்ல இரைச்சலும் தோராயமா தெரியும், பாடம் இல்லாத நேரத்துல ஃபேன், ஏசி எல்லாம் ஓட விட்டு அளக்கணும். ஆனா பேச்சு புரியுதாங்கறதுக்கு நேரடி சோதனை ஒண்ணு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத சின்ன சின்ன வார்த்தையா இருபது எழுதிக்கோங்க, கட்டு, பல், மண், தடி இந்த மாதிரி. டீச்சர் நிக்கற இடத்துல நின்னு, முகத்தை போர்டு பக்கம் திருப்பி, சாதாரண குரல்ல ஒவ்வொண்ணா வாசிங்க. கடைசி வரிசையில உக்காந்திருக்கற பிள்ளைங்க கேட்டதை எழுதணும். வாக்கியமா வாசிச்சா யூகிச்சுடுவாங்க, அதனால தனி வார்த்தை தான். அப்புறம் அதே மாதிரி வேற இருபது வார்த்தையை எடுத்து, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திட்டு திரும்ப பண்ணுங்க. ரெண்டாவது தடவை நிறைய சரியா வந்தா பிரச்சனை இரைச்சல், முதல்ல மெஷினை கவனிங்க. ரெண்டு தடவையும் ஒரே மாதிரி தப்பு வந்தா, பார்வையை சீலிங் பக்கம் திருப்புங்க.